பேனாவுக்கு முன்னே ஒரு குரல்

லண்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் புரூனெல் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். கவிதையும் படைப்பெழுத்தும் அவருடைய பாடம். எழுதிக்கொண்டே போகும்போது திடீரென்று நின்றுவிடுவார். 'கொஸ்டின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக்கூட்ட வராது. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டிவிடுவார். முடிச்சு என்று பொருள்படும் 'நாட்' இன்னும் மோசம். உச்சரிப்பில் வராத ஒரு 'கே' அதன் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொல் பிடிபடாத நாளில் அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு படம் வரைந்து வைப்பார். எழுதி முடித்த பிறகு திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வார்.

இதையெல்லாம் அவர் மறைத்து வைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னார்.

பெஞ்சமின் செஃபனையா என்ற அந்தக் கவிஞரை 13 வயதில் பள்ளி வெளியே தள்ளியது. அப்போது அவருக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது. அதே மனிதருக்குப் பிற்காலத்தில் 15-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. போருக்குப் பிந்தைய பிரிட்டனின் சிறந்த 50 எழுத்தாளர்கள் என்று 2008-இல் 'தி டைம்ஸ்' நாளிதழ் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருப்பதை 'விடாமுயற்சி' என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் நடந்தது வேறு. கவிதை அவரிடம் பள்ளிக்கு முன்பே வந்துவிட்டது. காது வழியாக வந்தது. அதைக் கவிதை என்று கண்டுகொள்ளப் பள்ளிக்குத் தெரியவில்லை.

பர்மிங்ஹாம் நகரின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் 1958 ஏப்ரல் 15 அன்று, இரட்டைக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தார். அப்பா பார்படோஸ் தீவிலிருந்து வந்த தபால்காரர். அம்மா ஜமைக்காவிலிருந்து வந்த செவிலியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆள் பற்றாக்குறையில் தவித்த பிரிட்டன், கரீபியன் தீவுகளிலிருந்து வேலைக்கு ஆள் எடுத்தது. 1948-இல் 'விண்ட்ரஷ்' கப்பலில் வந்திறங்கியவர்களோடு தொடங்கிய அந்த அலையில் வந்த குடும்பம் இது. ஹேண்ட்ஸ்வொர்த்தை 'ஐரோப்பாவின் ஜமைக்கத் தலைநகரம்' என்று செஃபனையா பெருமையாகச் சொல்வார். அந்தத் தெருக்களில் ஜமைக்காவின் ரெகே இசை ஓடிக்கொண்டே இருந்தது. உலகம் அறிந்த 'ஸ்டீல் பல்ஸ்' இசைக்குழு அங்கே பிறந்ததுதான். 1978-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே அந்தப் பகுதியின் பெயர் இருக்கிறது.

வீட்டில் புத்தகங்கள் இல்லை. அம்மா இருந்தார். ஜமைக்காவில் வாய்மொழியாகவே வளர்ந்தவர். பேச்சில் எதுகை தானாக வந்து விழும். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதை ஒரு தாளத்தில் சொல்லி வைப்பார். அந்தத் தாளத்தைக் கேட்டே தான் கவிஞன் ஆனதாக மகன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அச்சில் கவிதையைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அவன் வாயில் கவிதை இருந்தது. 10, 11 வயதில் அவன் சொல்லச் சொல்ல, தங்கை சிலவற்றை எழுதிவைத்தாள். அவனுடைய முதல் எழுத்தர் அவள்தான்.

அந்த வயதில் அவன் கைக்குப் பழைய டைப்ரைட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசையை அதுதான் கிளப்பியது என்று பின்னாளில் சொன்னார். எழுத்துக்கூட்ட முடியாத பையனிடம் டைப்ரைட்டர்! பேனா பிடித்தால் எழுத்து கோணும், வாத்தியார் முகமும் கோணும். இயந்திரத்தில் தட்டினால் எழுத்து யாருக்கும் ஒரே மாதிரி நேராகத்தான் விழும். அந்தப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்த டைப்ரைட்டர் இப்போது பர்மிங்ஹாம் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

முதல் மேடை தேவாலயம். அப்போது வயது 10. பிறப்பில் வந்த குடும்பப் பெயர் ஸ்பிரிங்கர். பிறகு ஏற்றுக்கொண்ட பெயர்தான் செஃபனையா; தமிழ் விவிலியத்தில் 'செப்பனியா' என்று வருகிற தீர்க்கதரிசியின் பெயர். கரீபியன் மக்களின் தேவாலயம் நம்மில் பலர் நினைக்கிற அமைதியான இடம் அன்று. போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் சொல்லும், கை தட்டும், எழுந்து ஆடும். சொல்கிறவனும் கேட்கிறவர்களும் சேர்ந்தே உருவாக்கும் பேச்சு அது. ஸ்போக்கன் வேர்ட் என்று இன்று உலகம் முழுக்க இளைஞர்கள் மேடையேற்றும் நிகழ்த்துக் கவிதையின் உயிரே அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது. செஃபனையா அதை எந்தப் பட்டறையிலும் கற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றார்.

அவனுக்கு 10 வயது நிறைந்த அதே வாரத்தில், 1968 ஏப்ரல் 20 அன்று, அதே பர்மிங்ஹாம் நகரில் ஒரு ஹோட்டல் அரங்கில் ஈனக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பேசினார். குடியேறிகளால் நாட்டில் ரத்த ஆறு ஓடும் என்று பயமுறுத்திய பேச்சு அது. கட்சித் தலைமை அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஆனால் அந்த வெறுப்பு தெருவில் ஏற்கெனவே இருந்தது. சிறுவயதில் ஒருநாள் பெஞ்சமின் தெருவில் நடந்துபோகும்போது பின்னாலிருந்து வந்த ஒருவன் செங்கல்லால் தலையில் அடித்து, 'வீட்டுக்குப் போ' என்று கத்தினான். பையனுக்குக் குழப்பம். அவன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். ரத்தம் வழிய ஓடி, அம்மாவிடம் போய் நின்றான்.

வீடும் பாதுகாப்பாக இல்லை. அப்பா அம்மாவை அடிப்பார். ஒரு கட்டத்தில் அம்மா வீட்டைவிட்டு வெளியேறினார். பெஞ்சமின் அவரோடு போனான், மற்ற பிள்ளைகள் அப்பாவிடம் தங்கினார்கள். ஊர் ஊராக, வாடகை அறை அறையாக அலைந்தார்கள். பள்ளிகளும் மாறிக்கொண்டே இருந்தன.

பள்ளியில் நடந்ததைப் பற்றி அவர் சொன்ன மூன்று கதைகள் போதும். ஒரு வகுப்பில் ஆப்பிரிக்கக் 'காட்டுமிராண்டிகள்' பற்றி ஆசிரியை பாடம் நடத்தினார். காட்டுமிராண்டி என்று சொல்ல நீங்கள் யார் என்று பையன் கேட்டான். அவனுக்குத் தண்டனை. இன்னொரு முறை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, உதவுங்கள் என்று ஓர் ஆசிரியரிடம் போய் நின்றான். எல்லோரும் புத்திசாலியாக இருக்க முடியாது, நீ நல்ல விளையாட்டு வீரனாக வருவாய், வெளியே போய்ப் பந்து ஆடு என்று அவர் அனுப்பிவிட்டார். பையனுக்கு அன்று சந்தோஷம்தான். கறுப்புப் பையன் என்றால் இதற்குத்தான் லாயக்கு என்று அவர் முடிவுகட்டியது பல வருஷம் கழித்தே உறைத்தது. மூன்றாவது கதையில் தப்பு இவன் பக்கம்: ஓர் ஆசிரியரைப் பழிவாங்க அவருடைய காரைத் திருடி, அவர் வீட்டு முன்தோட்டத்திலேயே கொண்டுபோய் இடித்தான்.

13 வயதில் கடைசிப் பள்ளியும் வெளியேற்றியது. சீர்திருத்தப் பள்ளி, பிறகு இளம் குற்றவாளிகளுக்கான போர்ஸ்டல், திருட்டு வழக்கில் சிறை. இவன் பிறவியிலேயே தோற்றவன் என்று ஓர் ஆசிரியர் ஏற்கெனவே தீர்ப்பும் எழுதிவிட்டிருந்தார்.

ஆனால் அந்த வயதிலேயே ஹேண்ட்ஸ்வொர்த்தில் அவனுக்கு இன்னொரு பெயர் இருந்தது. 15 வயதில், ஊர்ப் பிரச்சினையையும் உலகப் பிரச்சினையையும் பாட்டாகச் சொல்லும் இளம் கவிஞன் என்று தெருவே அறிந்திருந்தது. இதற்குக் காரணம் 'சவுண்ட் சிஸ்டம்'. ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டு ஓட்டி, தெருவையே நடன மேடையாக்கும் ஜமைக்கக் கலை அது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் பாடகரின் குரலை உருவிவிட்டு, தாள வாத்தியமும் பேஸ் கிட்டாரும் மட்டும் ஒலிக்கும் 'டப்' வடிவம் இருக்கும். அந்தக் காலி இடத்தில் மைக்கைப் பிடித்து, தாளத்தோடு பேசிக்கொண்டே போவார்கள். யு-ராய், பிக் யூத் போன்றவர்கள் அதில் மன்னர்கள். அந்தப் பேச்சு கவிதையாக இறுகியபோது 'டப் கவிதை' பிறந்தது. ஜமைக்காவில் ஓக்கு ஒனுவோரா, முட்டபருக்கா, லண்டனில் லின்டன் க்வேசி ஜான்சன் என்று ஒரு தலைமுறையே அதில் எழுந்தது. செஃபனையா அந்த வீட்டின் இளைய பிள்ளை.

இதில் மொழிதான் முக்கியம். பள்ளி ஆங்கிலத்தில் டப் கவிதை நிற்காது. ஜமைக்க மக்கள் வீட்டில் பேசும் பாட்வா மொழியில்தான் அதன் தாளம் இருக்கிறது. நெல்லைப் பேச்சில் ஒருவர் சொன்ன கதையைப் பாடநூல் தமிழில் திருத்தி எழுதினால் என்ன மிஞ்சும்? கதை மிஞ்சும், ஆள் போய்விடுவார். பாட்வாவைக் 'கொச்சை' என்று ஒதுக்கியவர்களுக்கு எதிராக லூயிஸ் பென்னட் என்ற ஜமைக்கக் கவிஞர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழி வெட்டியிருந்தார். காதில் விழுகிறபடியே எழுதுவது அந்த மரபின் வழக்கம். எழுத்துக்கூட்டில் தினமும் தோற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞனுக்கு, 'ஒலிதான் சரி' என்று சொன்ன ஒரே இலக்கியம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பர்மிங்ஹாமைவிட்டுக் கிளம்பிய இரவைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். நண்பர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் சிறையில் இருந்தார்கள். தலையணைக்கடியில் துப்பாக்கியோடு தூக்கம் வராமல் படுத்திருந்தவருக்கு, இங்கேயே இருந்தால் தனக்கும் இரண்டில் ஒன்றுதான் என்று தோன்றியது. 22 வயதில் லண்டன் வந்தார். கறுப்பு மக்களின் கஷ்டத்தைக் கறுப்பு மக்களுக்கே சொல்லிக்கொண்டிருப்பது போதாது என்றும் அவருக்குத் தோன்றியிருந்தது.

லண்டனில் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றார். அங்கேதான் ஓர் ஆசிரியை, உனக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா என்று சொன்னார். 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்தவர்களுக்கு இன்று அந்தச் சொல் தெரியும்; அறிவுக்குறை ஏதும் இல்லை, எழுத்தைப் படிப்பதில் மூளை வேறு வழியில் போகிறது, அவ்வளவுதான். அன்று அந்த இளைஞருக்கு அந்தச் சொல்லே புதிது. ஆபரேஷன் செய்ய வேண்டுமா என்று கேட்டாராம். இத்தனை வருஷ அடியும் அவமானமும் ஒரு பெயர் தெரியாததால் வந்தவை என்று தெரியும்போது ஒரு மனிதனுக்குக் கோபம் வருமா, நிம்மதி வருமா?

முதல் புத்தகம் 'பென் ரிதம்' 1980-இல் வந்தது. கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு சிறிய கூட்டுறவுப் பதிப்பகம் அதைப் போட்டது. பெரிய பதிப்பகங்கள் அப்போது இப்படிப்பட்ட கவிதையைத் தேடவில்லை. கவிதையைத் தேடாதவர்களிடம் கவிதையைக் கொண்டுபோவது தன் வேலை என்று செஃபனையா முடிவுசெய்தார்.

அவர் இறங்கிய காலம் கொதித்துக்கொண்டிருந்தது. 1824-ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து, சந்தேகம் என்ற ஒரே காரணத்துக்காகக் கறுப்பு இளைஞர்களைப் போலீஸ் நிறுத்திச் சோதித்தது. 'சஸ்' சட்டம் என்று மக்கள் அதை அழைத்தார்கள். 1981 ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதி கலவரத்தில் எரிந்தது. ஜூலையில் ஹேண்ட்ஸ்வொர்த் உட்படப் பல நகரப் பகுதிகள். அந்த ஆண்டே அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. வேலையின்மைக்கு எதிரான ஊர்வலம், நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃபிரண்டுக்கு எதிரான கூட்டம், காவல் நிலைய வாசலில் தர்ணா என்று எங்கும் செஃபனையாவின் குரல் கேட்டது. பங்க் இசைக்குழுக்களோடு ஒரே மேடையில் நின்றார். வெள்ளைக்காரப் பங்க் இளைஞர்களும், ஜமைக்காவில் பிறந்த ரஸ்தா ஆன்மிக மரபைப் பின்பற்றும் கறுப்பு இளைஞர்களும் ஒரே கவிதைக்குக் குதித்தார்கள். கையில் தாள் இருக்காது. எல்லாம் மனப்பாடம். நீண்ட சடைமுடி ஆட, முழங்கால் தாளத்துக்கு மடங்க, ஒரு சொல்லை மூன்று முறை மூன்று விதமாகச் சொல்லிக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுப்பார்.

சட்டைப் பையில் காசு இல்லாதவர்களும் இசைத்தட்டைக் கடன் வாங்கிக் கேட்கலாம் அல்லவா? கவிதையை ஆல்பமாக்கினார். ரெகே பாடகர் பாப் மார்லி 1981-இல் இறந்தபிறகு அவருடைய 'வெய்லர்ஸ்' குழுவினர் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்தது செஃபனையாவின் 'ரஸ்தா' ஆல்பத்துக்குத்தான். அதில் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவுக்கு ஓர் அஞ்சலிப் பாட்டு இருந்தது. அது சிறைக்குள் மண்டேலாவின் காதுக்கும் எட்டியது. விடுதலைக்குப் பிறகு அவர் இந்தக் கவிஞரைச் சந்திக்க விரும்பினார். 1996-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மண்டேலாவுக்காக நடந்த 'டூ நேஷன்ஸ்' இசைவிழாவைத் தொகுத்து வழங்கியவர் செஃபனையா. அவரே தொகுத்து வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் மண்டேலாதான்.

நிறுவனங்களின் கதவு இவ்வளவு எளிதில் திறக்கவில்லை. 1980களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் வருகைநிலைக் கவிஞர் பதவிக்கும், பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் கவிதைப் பேராசிரியர் பதவிக்கும் அவர் பெயர் அடிபட்டது. ஒரு மஞ்சள் பத்திரிகை அவர் படத்தைப் போட்டு, இந்த ஆளை உங்கள் மகளின் பக்கத்தில் விடுவீர்களா என்ற தொனியில் கேட்டது. இரண்டு பதவிகளும் கிடைக்கவில்லை.

அவரை எத்தனையோ வீடுகளுக்குள் கொண்டுபோனவர்கள் குழந்தைகள். 1994-இல் வந்த 'டாக்கிங் டர்க்கீஸ்' குழந்தைக் கவிதைத் தொகுப்பை ஆறு வாரத்துக்குள் அவசரமாக மறுபதிப்புச் செய்ய வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வெட்டப்படும் வான்கோழிகளுக்காகப் பரிந்துபேசும் தலைப்புக் கவிதையைப் பிரிட்டனின் ஒரு தலைமுறையே மனப்பாடமாகச் சொல்லும். 13 வயதிலிருந்தே விலங்குப் பொருள் எதையும் தொடாத வீகன் அவர்; நம்பிக்கையோடு விளையாட்டும் கலந்ததால் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. தாளில் பார்த்தால் அந்தக் கவிதைகள் எளிமையாகத் தோன்றும். வாய்விட்டுப் படித்தால்தான் எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே நிறுத்திச் சிரிக்கவிட வேண்டும் என்று எவ்வளவு கணக்காகச் செய்திருக்கிறார் என்பது புரியும்.

பிறகு நாவல்கள். ஒரு புத்தகத்தைப் பார்த்ததும் அதன் பருமன்தான் முதலில் தன் கண்ணில் படும் என்பார். படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும். 1999-இல் 'ஃபேஸ்', 2001-இல் 'ரெஃப்யூஜி பாய்'. இரண்டாவது, எத்தியோப்பியத் தந்தைக்கும் எரித்திரியத் தாய்க்கும் பிறந்த 14 வயது ஆலெம் என்ற சிறுவனின் கதை. இரண்டு நாடுகளும் போரிடும்போது இரண்டு நாட்டுக்கும் அவன் எதிரி. மகனை லண்டனுக்கு அழைத்துவரும் அப்பா, அவன் பிழைக்க வேண்டும் என்பதற்காக அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார். இந்த நாவலை மேடை நாடகமாக்கியவர் லெம் சிஸ்ஸே, அவரும் எத்தியோப்பிய வம்சாவளிக் கவிஞர்.

2000-இல் இன்னொரு காரியம் செய்தார். மனித உரிமை வழக்கறிஞர் மைக்கேல் மேன்ஸ்ஃபீல்டின் அலுவலகத்தில் வருகைநிலைக் கவிஞராகப் போய் உட்கார்ந்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் கவிஞருக்கு என்ன வேலை? வழக்குகளைப் பக்கத்திலிருந்து பார்ப்பது, பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களோடு இருப்பது. அதிலிருந்து வந்தது அடுத்த ஆண்டின் 'டூ பிளாக், டூ ஸ்ட்ராங்' தொகுப்பு. இரண்டே ஆண்டில், 2003 செப்டம்பரில், அந்தத் துயரம் சொந்த வீட்டுக்கே வந்தது. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பர்மிங்ஹாமில் போலீஸ் காவலில் இறந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது தர முன்வந்தது. அந்தப் பெயரின் கடைசி எழுத்து 'எம்பயர்', பேரரசு. விருதை மறுத்தார், ரகசியமாக மறுக்காமல் 'கார்டியன்' நாளிதழில் வெளிப்படையாக எழுதி மறுத்தார். பேரரசு என்ற சொல் அடிமை வணிகத்தையும் தன் முன்னோர்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளையும்தான் நினைவூட்டுகிறது என்றார். ஈராக் போரையும், பதில் கிடைக்காத தன் சகோதரர் மரணத்தையும் அதே கட்டுரையில் கேட்டார். காலனி ஆட்சியின் ராவ் பகதூர், சர் பட்டங்களைப் பார்த்த நமக்கு அந்தக் கோபம் அந்நியமாகத் தெரியாது.

ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 2018-இல் தன்வரலாறு வந்த சமயத்தில், இளம் வயதில் தன் காதலி ஒருவரைத் தான் அடித்ததுண்டு என்று அவரே பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். அம்மா அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்த பையன் அதையே செய்திருக்கிறான். வருந்தினார், வெட்கப்பட்டார். அடிபட்ட பெண்ணின் வலி அதனால் சின்னதாகிவிடாது. அவருடைய வாழ்க்கையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

புரூனெலில் பேராசிரியரானது 2011-இல். வகுப்பில் இருக்கும் மாணவர்கள் எல்லோரும் சான்றிதழ்க் கணக்குப்படி தன்னைவிட அதிகம் படித்தவர்கள் என்று தெரிந்தே அந்த வேலையை ஏற்றார். நல்ல ஞாபகசக்தி இருந்தால் மதிப்பெண் வாங்கிவிடலாம், உங்களுக்குள் தீயும் தனித்தன்மையும் இல்லாவிட்டால் இங்கே வந்து என்ன பயன் என்று அவர்களிடம் கேட்பார். இதற்கிடையே 2013-இல் தொடங்கிய 'பீக்கி பிளைண்டர்ஸ்' தொடரில் ஜெரமையா ஜீசஸ் என்ற தெருப் போதகராக நடித்தார். கதை நடப்பது அவருடைய பர்மிங்ஹாமில்.

2020-இல், கொரோனாவால் அரங்குகள் பூட்டிக் கிடந்தபோது, ஸ்கை ஆர்ட்ஸ் தொலைக்காட்சியில் 'லைஃப் அண்ட் ரைம்ஸ்' என்ற நிகழ்ச்சியைத் தொகுத்தளித்தார். முழுக்க முழுக்க ஸ்போக்கன் வேர்ட். பாட்டுப்போட்டி இல்லை, நடுவர் இல்லை. கவிஞர் வந்து நிற்பார், சொல்வார், கூட்டம் கேட்கும். அறிமுகமான பெயர்களுக்கு நடுவே அதுவரை யாரும் கேள்விப்படாத இளைஞர்களும் அந்த மேடையில் ஏறினார்கள். அடுத்த ஆண்டு சிறந்த பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குப் போனது. கவிதைக்குப் பொழுதுபோக்கு விருதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கலாம். கவிதை கேட்க வருகிறவர்களை அலுக்கவைக்கக் கூடாது என்று 40 ஆண்டு உழைத்தவருக்கு அது சரியான விருதுதான்.

மூளையில் கட்டி இருப்பது 2023 அக்டோபர் வாக்கில் தெரிந்தது. எட்டே வாரம். டிசம்பர் 7 அன்று, 65 வயதில் இறந்தார். மனைவி பக்கத்தில் இருந்தார். இறுதிச் சடங்கு குடும்பத்தோடு முடிந்தது. பறித்த பூக்கள் வேண்டாம் என்பது அவர் விருப்பம். அஞ்சலி செலுத்த நினைப்பவர்கள் ஒரு செடியோ மரமோ நடுங்கள் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது.